கடுக்காய்த் தண்ணீர் குடித்த கோயில்

பழைய கட்டடத்தைப் புதுப்பிக்கிறவனுக்குக் கைவேலையைவிட வாய்வேலைதான் அதிகம்; மேஸ்திரியாக இருந்து பார்த்தவர்கள் தலையாட்டுவீர்கள். ஐம்பதுகளின் கடைசியில் திண்டுக்கல்லிலிருந்து என்னைக் கொடைக்கானலுக்கு வரவழைத்தார்கள். அடுக்கம் கிராமத்துக்கு இறங்கும் பாதையோரம், மலையேறி வந்த முதல் கிறிஸ்தவச் சாமியார்கள் கட்டிய கற்கோயில் ஒன்று கூரை போய், பீடத்தில் மரம் முளைத்துக் கிடந்தது. பங்குச் சாமியார் ஒரே நிபந்தனை போட்டார்: மழைக்கு முன்னால் நடு வளைவு நின்றால் அங்கே பூசை, இல்லையென்றால் எல்லாவற்றையும் இடித்துவிட்டுத் தகரக் கொட்டகை.

கல் சுமக்க வந்த பேத்துப்பாறை சவரிமுத்துவோ, மகள் கல்யாணம் இந்தக் கோயிலில்தான் என்று சம்பந்தி வீட்டில் வாக்கே கொடுத்துவிட்டார்.

பானையில் இருந்தது

சுண்ணாம்பை அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்தால்தான் அந்தக் கல் பிடிக்கும். பனி கொட்டிய ஒரு காலையில் எனக்கு முன்னால் வந்துவிட்ட சவரிமுத்துவும் இன்னும் இரண்டு பேரும், பானையில் இருந்ததைச் சுக்குத் தண்ணி என்று நினைத்து ஆளுக்கு ஒரு லோட்டா குடித்துவிட்டார்கள். அன்றைக்கு வேலை நடக்கவில்லை, புதருக்கும் கோயிலுக்கும் நடைதான் நடந்தது. சாயங்காலம் வெளிறிப்போய் வந்த சவரிமுத்துவுக்கு ஒரே சந்தேகம்.

"இது கல்லை எப்படிங்க இறுக்கும்? மனுசனையே இளக்கிப்புடுச்சே."

சாமி இருக்காரா?

சீசனுக்கு வந்த பழனிக் குடும்பம் ஒன்று, கோயில் என்று கேள்விப்பட்டு வெளியிலேயே செருப்பைக் கழற்றியது. "உள்ளே சாமி இருக்காரா?" என்று பெரியவர் கேட்டார். சாமி என்றால் சவரிமுத்துவுக்கு, அன்றைக்கு வேலையைப் பார்க்க வந்திருந்த பங்குச் சாமியார்தான்.

"இருக்காருங்க. இப்பத்தான் சாப்பிட்டுப் படுத்தாரு" என்றார்.

நான் விளக்குவதற்குள் பெரியவர் பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அதுக்கென்ன, நடை திறந்ததும் வர்றோம்."

பாதிப் படம்

பள்ளிக்கூடத்து வெள்ளைக்கார டீச்சரம்மா ஒருவர் வருசா வருசம் வந்து இடிந்த கோயிலை வரைவாராம். இந்த வருசம் வந்தவர் எங்களைப் பார்த்ததும் திகைத்து நின்றார். உள்ளூர நான் பாராட்டை எதிர்பார்த்தேன். அவரோ சுத்தமான இலக்கணத் தமிழில் கேட்டார்.

"மேஸ்திரி, அந்த மரத்தை ஏன் வெட்டினீர்கள்? இன்னும் பாதிதானே வரைந்திருக்கிறேன்?"

சாரம் பிரித்த நாள்

வளைவைத் தாங்கிய சாரத்தைப் பிரிக்கும்போது, கட்டியவன் அதன் அடியில் நிற்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் வழக்கம். ஐப்பசி மேகம் கவிந்துவிட்டது. சாமியார் குடையோடு தூரத்தில் நின்றார். நான் வளைவுக்கு அடியில் போய் நின்றேன். யாரோ பக்கத்தில் வந்து நிற்க, திரும்பினால் சவரிமுத்து.

"தள்ளிப் போங்க. வீட்டுல கல்யாணத்த வச்சுக்கிட்டு..." என்றேன்.

"அதுக்குத்தான் நிக்கேன்."

சாரத்தின் கடைசி முட்டுக்கட்டையையும் தட்டி எடுத்தார்கள். ஒரு கைப்பிடி சுண்ணாம்புத் தூள் எங்கள் தலையில் உதிர்ந்தது. அவ்வளவுதான். வளைவு அசையவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சவரிமுத்து வெகுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்.

"நாங்க குடிச்சது போக மிச்சமே போதுமாப் போச்சுங்க."

தை மாதம் அவர் மகளுக்கு அங்கே தாலி கட்டியபோது, ஊரெல்லாம் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்த்துக்கொண்டிருக்க, நாங்கள் இரண்டு பேர் மட்டும் வளைவையே பார்த்துக்கொண்டிருந்தோம்.