குவாரிப் பாதையின் நிறம்

எங்கள் பஸ் பணிமனை அலுவலகத்தில் அவளைக் கோட்டக்கா என்றுதான் கூப்பிடுவோம். எந்தப் பாதையில் எத்தனை பேர் ஏறினார்கள் என்பதை மாதாமாதம் கோடுகளாக வரைந்து மேலாளருக்கு அனுப்புவது அவள் வேலை. பெயரை யார் வைத்தது என்று கேட்டால் ஆளாளுக்கு அடுத்தவரைக் கைகாட்டுவார்கள். வைத்தவன் நான்தான். தபால் பிரிவில் உட்கார்ந்து முத்திரை குத்திக் குத்தி அலுத்துப்போனவனுக்கு வேறென்ன பொழுதுபோக்கு?

அக்காவுக்கு எக்செல் யாரும் சொல்லித்தரவில்லை. டிக்கெட் கவுண்டரிலிருந்து தூக்கி இங்கே போட்டார்கள். தட்டிப் பார்த்து, கெடுத்து, பழையபடி ஆக்கி, மறுபடியும் கெடுத்துத் தானாகக் கற்றுக்கொண்டாள். நான்கு பாதைக்கு நான்கு கோடு. அதற்கு அரை நாள் எடுத்துக்கொள்வாள். கோடு பருமனாகத் தெரிகிறது என்று கொஞ்சம் இளைக்க வைப்பாள். மாதத்துக்கு ஒரு புள்ளி வைத்து உள்ளே வெள்ளை நிரப்புவாள். பின்னால் ஓடும் கட்டங்களைக் கண்ணை உறுத்தாத சாம்பலுக்கு மாற்றுவாள்.

"என்னக்கா, அலங்காரம் முடிஞ்சுதா?" என்பேன்.

"நீ குத்துற முத்திரையில பாதி எழுத்து விழறதில்ல. முதல்ல அதைப் பாரு தம்பி" என்பாள்.

மேலாளருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் 'சுருக்கம்'. வீடு தீப்பிடித்தது என்று போய்ச் சொன்னாலும் சுருக்கமாகச் சொல்லு என்பார். சில வருடங்களுக்கு முன்பு சார்ட்டின் ஓரத்தில் இருந்த சின்னப் பெட்டியைப் பார்த்து முகம் சுளித்தார். எந்த நிறம் எந்தப் பாதை என்று சொல்லும் பெட்டி அது. லெஜண்ட் என்பார்கள்.

"இது எதுக்கும்மா, இடத்தை அடைச்சுக்கிட்டு? நீலம் சந்தை, மஞ்சள் ஸ்டேஷன், பச்சை ஏரி, சிவப்பு குவாரி. இது தெரியாதவன் இங்க எவன் இருக்கான்? எடுத்துடுங்க."

அக்கா எடுத்துவிட்டாள். அன்றிலிருந்து பாதைகளுக்குப் பெயரே போய்விட்டது. டீ குடிக்கும்போதும் "மஞ்சள் நல்லா ஏறுது", "சிவப்புக்கு மூச்சு வாங்குது" என்றுதான் பேச்சு. ஒரு கண்டக்டர் விடுப்பு விண்ணப்பத்தில் 'நான் பச்சையில் பணிபுரிகிறேன்' என்று எழுதினான். அதற்கும் விடுப்பு கொடுத்தார்கள்.

சிவப்பின் கடைசி நிறுத்தத்தில்தான் அக்காவின் வீடு. கல் குவாரிக்குப் பக்கத்தில், மேட்டில். அவள் கணவர் அந்தக் குவாரியில் கல் உடைக்கும் இயந்திரத்தை ஓட்டியவர். சிறுநீரகம் இரண்டும் போய், வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். காலை பஸ்ஸில் போவார், மாலை பஸ்ஸில் திரும்புவார். போகும்போது மனிதராகப் போவார், வரும்போது துவண்டுபோய் வருவார் என்று அக்கா சொல்வாள். வாடகை வண்டிக்காரர்கள் அந்த மேட்டுக்கு வர மாட்டார்கள். கல் லாரிகள் குதறிப்போட்ட பாதை அது. டூவீலரில் பின்னால் உட்கார்ந்தால் அவருக்குத் தலை சுற்றும். ஒரு முறை என் வண்டியிலிருந்தே விழுந்திருக்கிறார். ஆஸ்பத்திரிப் பக்கம் வீடு பார்க்கச் சொல்லி நான் வாயடித்ததுண்டு. "பாக்கலாம் தம்பி" என்பாள், அதோடு பேச்சு முடிந்துவிடும். அந்தப் பஸ்தான் அவருடைய உயிர். இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

இந்த நிலைமையில்தான் அந்தச் சுற்றறிக்கை வந்தது. வண்டிகள் போதவில்லை, ஏரிப் பாதை, குவாரிப் பாதை இரண்டில் எதில் ஆள் குறைவோ அதை நிறுத்திவிடுவது, மாதக் கூட்டத்தில் முடிவு. இரண்டு கோடுகளும் வெகுநாளாக ஒன்றையொன்று தாண்டித் தாண்டி ஓடிக்கொண்டிருந்தவை. போதாக்குறைக்கு அதற்கு முந்தைய இரண்டு மாதமும் கூட்டமே நடக்கவில்லை, சார்ட்டும் போகவில்லை. புது நிலவரம் யாருக்கும் தெரியாது.

அக்காவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். காலையில் அவள் ஏறும் பஸ் டவுன் வந்து சேரும்வரை காலியாகத்தான் இருந்தது. குவாரியில் வேலை நின்று நாலு மாதம் ஆகியிருந்தது. ஆனாலும் "மத்தியானம் ஏறுவாங்களா இருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பரீட்சை முடிவைப் பிரிக்கப் பயப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறோமே, அப்படித்தான் இருந்தாள். டிக்கெட் பிரிவு அனுப்பிய ஆறு மாதக் கணக்கை எண்களைப் படிக்காமலே நகலெடுத்துத் தன் ஷீட்டில் ஒட்டினாள்.

அந்த மாதம் டிக்கெட் பிரிவில் புது மெஷின் வந்திருந்தது. பழைய கணக்கில் ஏரி மூன்றாவது பத்தியில், குவாரி நான்காவது பத்தியில். புது மெஷின் குவாரியை மூன்றாவதாகவும் ஏரியை நான்காவதாகவும் கொடுத்தது. தலைப்பும் எண்ணும் சேர்ந்தே வந்ததால் ஷீட்டில் ஒரு தப்பும் இல்லை. சார்ட்டில்தான் வினை. அங்கே நிறம் இடத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவதாக எது வந்தாலும் பச்சை, நான்காவதாக எது வந்தாலும் சிவப்பு. பெயர் சொல்லும் பெட்டியோ இல்லை.

திரையில் பச்சை கீழே கிடந்தது, சிவப்பு மேலே ஏறியிருந்தது. ஒன்பது வருடமாக அதை வரைகிறவளும் எல்லோரையும் போல நிறத்தைத்தான் பார்த்தாள். மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். நான் பதறிப்போய் எழுந்து போனேன். "ஒண்ணுமில்ல தம்பி, நல்ல அழுகைதான்" என்றாள்.

கூட்டத்தில் சுருக்கம் தாளைப் பார்த்தாராம். "பரவால்லையே, சிவப்பு பொழைச்சுக்கிச்சே" என்றாராம். குவாரியில் மறுபடியும் வேலை ஆரம்பித்திருப்பார்கள் என்று யாரோ ஒரு மேதாவி விளக்கமும் கொடுத்தாராம். அடுத்த திங்கட்கிழமை முதல் ஏரிப் பாதை நிறுத்தம் என்று உத்தரவு தயாரானது. முத்திரை குத்தியது நான். ஏரிப் பக்கத்து நிறுத்தங்களில் அறிவிப்பு ஒட்டினார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழெட்டுப் பெண்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள். ஏரிக்கரையில் புதிதாகத் திறந்த சலவை நிலையத்தில் வேலை செய்கிறவர்கள். கை விரலெல்லாம் சோப்பில் ஊறி வெளுத்திருந்தது. மனு வாங்கும் ஜன்னல் அக்காவின் மேசைக்கு எதிரேதான்.

"பஸ்ஸுல ஆளே இல்லனு எழுதியிருக்கீங்களே, இது நியாயமா?" என்று ஒருத்தி கேட்டாள். "நிக்கக்கூட இடமில்ல. நேத்து என் செருப்பு ஒண்ணு பஸ்ஸுக்குள்ள, நான் வெளிய. கண்டக்டரைக் கூப்பிட்டுக் கேளுங்க!"

"கணக்கு அப்படித்தாம்மா சொல்லுது" என்றேன் நான், பெரிய நியாயவான் மாதிரி.

 அக்கா திரும்பி உட்கார்ந்து சார்ட்டைத் திறந்தாள். மவுஸை மெதுவாக நகர்த்திப் பச்சைக் கோட்டின் மேல் வைத்தாள். அப்படி வைத்தால் அந்தக் கோட்டின் பெயர் சின்னதாக எட்டிப் பார்க்கும். 'குவாரி' என்று வந்தது. கையை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தாள். மறுபடியும் குவாரி.

மத்தியானம் வரை அதையே செய்துகொண்டிருந்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் நான் முதலில் செய்தது, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்ததுதான்.

"மூடுங்கக்கா. இது உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும்" என்றேன்.

"அந்தப் பொம்பளைங்க..."

"அவங்களுக்குக் கையும் காலும் நல்லா இருக்கு. நடப்பாங்க. சைக்கிள் வாங்குவாங்க. உங்க வீட்டுக்காரர் நடப்பாரா? அதுவுமில்லாம, இப்பப் போய்ச் சொன்னா உங்க பஸ்ஸைக் காப்பாத்த வேணும்னே செஞ்சீங்கன்னுதான் சொல்வாங்க. வேலையும் போகும்."

இதையெல்லாம் நான்தான் சொன்னேன். இன்றைக்கு நல்லவன் வேஷம் போட விருப்பமில்லை. சொன்னபோது எனக்குத் துளிக்கூட வெட்கமாக இல்லை.

அக்கா வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் சார்ட் பார்த்ததில்லை, ஆனால் விஷயம் உடனே புரிந்துவிட்டது. கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாராம். டயாலிசிஸ் ஊசி போட்டுப் போட்டு அவர் கை முண்டும் முடிச்சுமாக இருக்கும். "வாயைத் திறக்காத. நான் இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேன். எனக்காக இந்த ஒண்ணைச் செய்" என்றாராம். இருபத்து மூன்று வருடத்தில் அவர் அவளிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. "சரிங்க, சொல்லல" என்று அவள் வாக்குக் கொடுத்தாள்.

புதனும் வியாழனும் அவளுக்கு வேலையே ஓடவில்லை. டீ ஆறிப்போகும். ஷீட்டைத் திறப்பாள், மூடுவாள். பச்சை மேல் மவுஸை வைப்பாள். இனிமேல் வேறு பெயர் வந்துவிடப்போகிறதா? "என்ன செய்யட்டும் தம்பி, என்ன செய்யட்டும்" என்று என்னையே கேட்டாள். நான் முத்திரையை எடுத்துக் குத்த ஆரம்பித்தேன்.

வெள்ளிக்கிழமை அந்தப் பெண்கள் மறுபடியும் வந்தார்கள். இந்த முறை சத்தம் போடவில்லை. செருப்பு பறிகொடுத்தவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அக்காவிடம், "பஸ் நின்னா காலைல அஞ்சு மணி ஷிப்டுக்கு இருட்டுல நடந்து வர முடியாதுன்னு ரெண்டு பேர் நேத்தே நின்னுட்டாங்க மேடம். திங்கக்கிழமையிலருந்து நானும் நின்னுடுவேன். யாருகிட்ட சொல்லணும்னாவது சொல்லுங்க" என்றாள்.

அக்கா எழுந்தாள். ஷீட்டில் ஏரியைப் பழைய இடத்துக்கும் குவாரியைப் பழைய இடத்துக்கும் மாற்றினாள். சார்ட் ஒரு நொடியில் தலைகீழானது. தாளை எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனாள். நான் கோப்பு ஒன்றைச் சாக்கு வைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

சுருக்கம் இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எண்ணெல்லாம் ரெண்டுலயும் ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான் சார். நிறம்தான் மாறிடுச்சு. நான் கவனிக்கல. என் தப்பு."

"எண்ணு சரின்னா விடுங்க. மேல கையெழுத்தெல்லாம் வாங்கியாச்சு. யாரு உக்காந்து பாக்கப்போறாங்க?"

கடவுளாகப் பார்த்துக் கதவைத் திறந்துவிட்டார் என்று நினைத்தேன். வாங்கக்கா, வெளியே போய்விடலாம் என்று மனதுக்குள் கத்தினேன்.  அக்கா நகரவில்லை.

"சார், ஏரியில தினம் நூத்தி அறுபத்தி நாலு பேர். அதைத்தான் நிறுத்தியிருக்கோம்."

சுருக்கம் பெருமூச்சு விட்டார். பேனாவை எடுத்து உத்தரவில் 'ஏரி' என்பதை அடித்துவிட்டு மேலே 'குவாரி' என்று எழுதினார். சுருக்கொப்பம் போட்டார். மொத்தம் ஐந்து விநாடி. அக்கா எங்கே குடியிருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியாது, அவளும் சொல்லவில்லை. "இனிமே பாத்துச் செய்ங்கம்மா" என்று தாளை என்னிடம் நீட்டினார். அதற்கும் நான்தான் முத்திரை குத்தினேன். நேரமில்லாததால் குவாரி நிறுத்தங்களில் அறிவிப்பு ஒட்டவில்லை.

திங்கட்கிழமை அக்கா வேலைக்கு வந்தபோது மணி பன்னிரண்டரை. செருப்பெல்லாம் செம்மண். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் கணவரிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. திங்கட்கிழமை காலை அவர் எப்போதும் போலச் சட்டை மாற்றி, ஆஸ்பத்திரிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிறுத்தத்துக்குக் கிளம்பிவிட்டார். அவளும் கூடவே போய் நின்றாள். இன்னும் நாலு பேர் காத்திருந்தார்கள். கால் மணி ஆனது. "டிரைவர் புதுசு போல" என்றார். அரை மணி ஆனது. அவருக்கு நிற்க முடியாமல் கல்லின் மேல் உட்கார்ந்தார். "வந்துடும், வந்துடும்" என்று அவர்தான் அவளுக்குத் தைரியம் சொன்னாராம்.

"வராதுங்க" என்றாள் அக்கா. "நான் சொல்லிட்டேன்."

 அவர் பாதையையே பார்த்தபடி கேட்டார்.

"அந்த ஏரி பஸ்ஸுல எத்தனை பேரு?"

"நூத்தி அறுபத்தி நாலு."

"நம்ம பஸ்ஸுல?"

"நாப்பத்தொண்ணு."

"அந்த நாப்பத்தொண்ணுல நான் ஒருத்தன்" என்றார். பையை அவளிடம் கொடுத்துவிட்டு, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மேட்டிலிருந்து இறங்கி ஆஸ்பத்திரிக்கு நடக்கத் தொடங்கினார்.