ஓகன் பார்க்கப் போனது

ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு வரிசைக் கட்டைகள் உள்ள, இரண்டு தட்டு ஓகன் வாத்தியம் ஒன்று வேண்டும் என்ற ஆசை, பத்திரிகை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வந்தது. உள்ளே கிடந்தது அப்போதுதான் வெளியே வந்தது என்பது இன்னும் சரி. இளம் வயதில் கொழும்பில் ஒரு விடுதியின் வரவேற்பறையில் ஒருவர் அதை வாசிக்கக் கேட்டிருக்கிறேன். மேல் தட்டில் வலது கை புல்லாங்குழல் போன்ற ஒரு குரலைக் கொண்டுபோக, கீழ்த் தட்டில் இடது கை வேறொரு குரலில் நடந்தது. கால் தரையோடு இருந்த கால் கட்டைகளில் தனியாக மூன்றாவது வேலையைப் பார்த்தது. ஒரே வரிசைக் கட்டைகளில் இரண்டு கைகளும் கிட்ட வந்தால் ஒன்று விலக வேண்டும். இரண்டு தட்டில் ஒரு கை மற்றதன் மேலாகக் கடந்து போகலாம். ஒரே சுரத்தை இரண்டு கையும் இரண்டு குரலில் பிடிக்கலாம். அந்த மனிதர் தன்னோடு தானே கதைத்துக்கொண்டிருப்பது போல எனக்குப் பட்டது.

யாழ்ப்பாணக் கடைகளில் அது இல்லை. கீபோட் இருக்கிறது, நல்லதும் இருக்கிறது, எல்லாம் ஒரு வரிசைதான். கடைக்காரர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "ஒண்டிலையே எல்லாச் சத்தமும் வருமே அங்கிள். இல்லையெண்டால் ரெண்டை வாங்கி ஒண்டுக்கு மேலை ஒண்டு அடுக்குங்கோ." கொழும்பில் விசாரித்தேன். தேவாலயங்களுக்கென்று சிலர் வரவழைக்கிறார்கள், வீட்டுக்கு யாரும் கேட்பதில்லை என்றார்கள். வீட்டில் மனைவி, "கையாலை வாசிக்கிறதே தெரியாது, உங்களுக்குக் காலும் வேணுமோ?" என்றாள்.

பிறகு பழைய அலுவலக நண்பர் ஒருவர் சண்டிலிப்பாயில் தோட்டம் செய்யும் ஒருவரின் வீட்டைச் சொன்னார். அந்த வீட்டு அம்மாவின் தமையன் ஒல்லாந்தில் இருக்கிறாராம். அங்கே வயதானவர்கள் இறந்தால் பிள்ளைகள் ஓகனைத் தெருவில் வைத்துவிடுவார்களாம். அப்படி ஒன்றை அவர் கப்பலில் அனுப்பியிருக்கிறார். தொலைபேசியில் அந்த அம்மாவோடு கதைத்தேன். "ஓகன் ஒண்டு இருக்குதெண்டு கேள்விப்பட்டனான். வந்து பாக்கலாமோ?" அவர் பக்கத்தில் யாரிடமோ ஏதோ கேட்பது கேட்டது. பிறகு, "ஓம், வாங்கோ. வெள்ளிக்கிழமை வாங்கோ. ராகு காலத்துக்கு முன்னம் வாங்கோ. அக்காவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார். அக்கா என்றது என் மனைவியை. பழைய சாமானை விற்பதற்கும் நேரம் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன்.

திரும்பும் வழியில் கீரிமலைக் கோயிலுக்குப் போவதாக இருந்ததால் மனைவி பட்டுச் சேலை கட்டியிருந்தாள். நான் வேட்டி. வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஒரு சீப்புக் கதலிப் பழம் வாங்கினோம்.

வீடு கழுவித் துடைத்திருந்தது. அந்த அம்மாவின் கணவர் வெள்ளைச் சட்டையோடு வாசல் படலையில் நின்றார். பயத்தம் பணியாரமும் முறுக்கும் வந்தன. தேத்தண்ணித் தட்டத்தை அவர்களின் மகள் கொண்டுவந்தாள், சேலை கட்டியிருந்தாள், தலையில் பூ. இதையெல்லாம் நான் கவனித்தேன். கவனிப்பதுதான் என் தொழிலாக இருந்தது. ஆனால் என் கண் அறை மூலையில் இருந்த ஓகனில் இருந்தது.

"பிள்ளையள்?" என்று அந்த அம்மா மனைவியிடம் கேட்டார்.

"ஒரு மகன். லண்டனிலை. இன்னும் ஒண்டும் சரிவரேல்லை" என்றாள் மனைவி. மகன் அங்கே ஒருத்தியோடு வாழ்வது எங்கள் இருவருக்கும் தெரியும். ஊருக்கு நாங்கள் சொல்வது இந்த ஒரு வரிதான்.

மகள் ஓகனில் உட்கார்ந்து வாசித்தாள். யூரியூப் பார்த்துத் தானே பழகியதாம். கைகள் இரண்டு தட்டிலும் பிசகில்லாமல் போயின. நான் எழுந்து போய் பக்கவாட்டுப் பலகையைத் தடவிப் பார்த்தேன். குனிந்து கால் கட்டைகளை எண்ணினேன்.

"என்ன வயசிருக்கும்?" என்றேன்.

"வாற ஆவணியோடை முப்பத்தி நாலு" என்றார் அந்த அம்மா.

ஆவணி என்ற சொல்லிலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். "அப்ப கொஞ்சம் பழசுதான். ஆனா அந்தக் காலத்துச் சாமான் நிண்டு பிடிக்கும்" என்றேன். வாசிப்பு ஒரு கணம் தடுமாறிப் பிறகு தொடர்ந்தது. மனைவி என் வேட்டி நுனியை இழுத்தாள். நான் நிறுத்தவில்லை.

"முந்தி ஆரும் வந்து பாத்தவையோ?"

"ரெண்டு மூண்டு இடத்தாலை வந்தவை. சரிவரேல்லை."

"ஏன், என்ன பிழை?"

தகப்பன் நிலத்தைப் பார்த்தார். தாய்தான் சொன்னார். "ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு. செவ்வாய் இருக்கு."

ஓகனுக்குச் செவ்வாய் இல்லை. நான் நிமிர்ந்தேன். பட்டுச் சேலையையும் பழச் சீப்பையும் மகளின் பூவையும் அப்போதுதான் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. காணி பார்க்க, மாடு பார்க்க, வழியில் தண்ணீர் குடிக்க என்று ஏதாவது ஒரு சாட்டோடு வருவார்கள். பிடிக்காமல் போனால் பெண் வீட்டுக்கு மரியாதை கெடாது. நாங்கள் ஓகன் பார்க்க வந்ததும் இவர்களுக்கு அப்படி ஒரு சாட்டாகப் பட்டிருக்கிறது. நான் ஒரு பெண்ணின் முன்னால் நின்று அவள் வயதைக் கேட்டு, பழசு என்று சொல்லி, என்ன பிழை என்றும் விசாரித்திருக்கிறேன்.  

நான் ஓகனைப் பார்த்து நின்றதைத் தகப்பன் வேறு விதமாக எடுத்தார். "இந்த ஓகனும் பிள்ளையோடைதான் வரும் ஐயா" என்றார்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் மகள், "அங்கிள், மேல் தட்டைக் கிட்ட வந்து பாருங்கோ" என்று கூப்பிட்டாள். போனேன். காலால் சத்தத்தைக் கூட்டினாள். அந்தச் சத்தத்துக்குள், கட்டைகளில் இருந்து கண் எடுக்காமல் கேட்டாள்:

"நீங்கள் உண்மையா ஓகன் பாக்கத்தானே வந்தனீங்கள்?"

"ஓம் பிள்ளை."

"எனக்கு அப்பவே தெரியும். மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருத்தரும் குனிஞ்சு கால் கட்டை எண்ணமாட்டினம்."

"நான் கேட்டதெல்லாம்…"

"அதை விடுங்கோ. வந்தவை இதைவிடக் கேட்டவை, அவை தெரிஞ்சு கேட்டவை." ஒரு கை மற்றதைக் கடந்து மேல் தட்டுக்குப் போனது. "அம்மாவுக்கு இப்ப சொல்லிப்போடாதேங்கோ. விடிய எழும்பிப் பணியாரம் சுட்டவ. சாதகக் குறிப்பைத் தருவினம், வாங்கிக்கொண்டு போங்கோ. ஒரு கிழமையாலை பொருந்தேல்லை எண்டு சொல்லுங்கோ. அது பழகின மறுமொழி, ஒருத்தருக்கும் நோகாது."

"சரி."

"ஓகனைப் பற்றி மட்டும் பிறகு ஒண்டும் கேக்காதேங்கோ அங்கிள். கேட்டால் அவைக்கு விளங்கிப்போடும், சும்மா வந்த ஆக்களுக்கு முன்னாலை வேஷம் கட்டின மாதிரி இருந்தது எண்டு."

குறிப்பை மஞ்சள் பூசிய உறையில் தந்தார்கள். மனைவி இரண்டு கையாலும் வாங்கினாள். காரில் ஏறியதும் அவள் சொன்னது ஒன்றுதான்: "மகனுக்கு ஒண்டும் சரிவரேல்லை எண்டு நானும் தானே சொன்னனான்." கீரிமலைக்குப் போகவில்லை.

அடுத்த வெள்ளி தகப்பனுக்குப் போன் எடுத்தேன். பத்திரிகையில் பொய்யான வரிகளை வெட்டியே வயது போனவன் நான். சொல்ல வேண்டியதை முன்பே ஒரு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்.

"குறிப்புப் பொருந்தேல்லை ஐயா" என்றேன்.

"செவ்வாயோ?" அவரே கேட்டார்.

"ஓம்."

"அதுதான். உங்களிலை பிழையில்லை. அக்காவுக்கும் சொல்லுங்கோ, வந்தது சந்தோசம் எண்டு."  அவருக்குப் பின்னால், தூரத்தில், ஓகன் கேட்டது. இரண்டு குரலில் ஒரே மெட்டு, ஒன்று சற்றுப் பிந்தி வந்தது. கேட்கக் கேட்க எனக்கு அது வேண்டும் போல இருந்தது. அந்த நேரத்திலும் வேண்டும் போல இருந்தது. கொழும்பிலும் இல்லை, கடைகளிலும் இல்லை, இந்தக் குடாநாட்டில் நான் அறிந்து அது ஒன்றுதான். விற்பீர்களா என்ற கேள்வி என் நாக்கு நுனியில் நின்றது.

"வேறை ஏதும் கதைக்க இருக்கோ ஐயா?" என்றார் அவர்.

இல்லை என்று சொல்ல எனக்கு அவ்வளவு நேரம் எடுத்திருக்கக் கூடாது.