ஏட்டையா மேல்தான் சந்தேகம்

இறப்புச் சான்றிதழை ஜெராக்ஸ் மிஷினில் கவிழ்த்து வைப்பதற்கு முன் கெசியா அதை ஒரு தடவை முழுசாக வாசிக்கிறாள். வாசித்துவிட்டு, கொண்டுவந்த ஆளை மூக்குக்கண்ணாடி வழியாக மேலும் கீழும் பார்க்கிறாள்.

"எத்தன காப்பி?"

"பத்து."

"பத்தா?" என்று இழுக்கிறாள். ஆள் தெருமுனை திரும்புகிற வரை பொறுத்திருந்து, பக்கத்துத் தையல் கடைப் பக்கம் தலையை நீட்டுகிறாள். "ஏளா முஃபீதா, மாமனாரு செத்து இன்னும் கல்லறை ஈரம் காயல. மருமவன் பத்து காப்பி எடுக்கான். மூஞ்சில ஒரு சொட்டு வருத்தம் இல்ல. என்னமோ இருக்கு."

பாளையங்கோட்டையில் நீதிமன்றத்துக்கு எதிர்ச் சந்தில் கடை வைத்திருந்தால் யாருக்கும் இந்தப் புத்தி வந்துவிடும் என்று சொல்லலாம். வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று, விவாகரத்து மனு என்று ஊர்ச் சண்டையெல்லாம் அவள் மிஷின் வழியாகத்தான் போகிறது. ஆனால் கெசியாவுக்குச் சந்தேகம் கூடப் பிறந்தது. பால் பாக்கெட்டில் ஈரம் அதிகமாக இருந்தால் அவளுக்கு அது ஒரு கேள்வி. கோயிலில் ஜெபம் பண்ணும்போது கண்ணை ரொம்ப இறுக்கி மூடுகிறவர் மேலும் அவளுக்கு ஒரு கண் உண்டு. அந்த நேரத்தில் இவள் கண் ஏன் திறந்திருந்தது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

இப்படிப்பட்டவளிடம் 'ஏழாம் மதகு' வெப் தொடர் வந்து சிக்கியது. ஆற்றங்கரை ஊர் ஒன்றில் தாசில்தார் ஒருவர் மதகடியில் பிணமாகக் கிடக்கிறார். மூன்று சீசன் ஓடியும் கொன்றது யாரென்று சொல்லாமல் இழுத்தடித்தார்கள். நாலாவதுதான் கடைசி, அதில் எல்லாம் வெளிவரும் என்று அறிவித்த நாளிலிருந்து இந்தச் சந்தில் வேறு பேச்சே இல்லை.

கெசியாவுக்கு ஏட்டையா மேல்தான் சந்தேகம். எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுக்கிற, ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காத ஏட்டையா.

"பொணத்தத் தூக்கும்போது அத்தன பேரும் மூக்கப் பொத்துதான். ஏட்டையா மட்டும் பொத்தல. யாம்? அந்த நாத்தம் அவருக்கு முந்தியே பழக்கம்."

"போலீஸ்காரருக்குப் பொணம் என்ன புதுசாக்கா? தாசில்தார் பொண்டாட்டிதான். கரண்டு இல்லாத ராத்திரில சேலையத் துவச்சிக் காயப் போடுதா. எந்தப் பொம்பள அந்த நேரத்துல துவைப்பா, சொல்லுங்க?" முஃபீதா ஊசியை வாயில் கடித்துக்கொண்டே கத்துவாள். வெட்டிய துணி தரையில் கிடக்கும். ஜெராக்ஸுக்கு வந்தவர்கள் வெயிலில் நிற்பார்கள்.

இந்த வருஷம் லெந்து என்கிற தவக்காலமும் ரம்ஜான் நோன்பும் ஏறக்குறைய ஒன்றாகத் தொடங்கின. நாலாவது சீசன் முழுசும் ஒரே நாளில் அதற்கு நடுவில் வந்து விழுந்தது. முஃபீதா வீட்டில் நோன்பு மாதம் டிவி கிடையாது. கெசியாவின் கதை வேறு. முக்கூடலில் வாழ்க்கைப்பட்ட தங்கை கரோலினுக்கு இரண்டு பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டன. இப்போது மூன்றாவது, ஏழு மாதம். லெந்து தொடங்கும் சாம்பல் புதனன்று முழங்காலில் நின்ற கெசியா, கறியையும் மீனையும் விடுகிறேன் என்று வழக்கம்போல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினாள். அதை வருஷா வருஷம்தான் விடுகிறாள், அதில் அவளுக்கு என்ன வலி? ஆகவே 'ஏழாம் மதகு' முடிவை ஆண்டவருக்கு நேர்ந்து பொருத்தனையாக வைத்தாள். ஈஸ்டர் விடிகிற வரை பார்ப்பதும் இல்லை, தெரிந்துகொள்வதும் இல்லை. தங்கச்சி பிள்ளையைப் பத்திரமாகக் கொடும் ஆண்டவரே. இது முஃபீதா ஒருத்திக்கு மட்டும் தெரியும்.

பார்க்கக்கூடாதே தவிர யூகிக்கக்கூடாது என்று இல்லையே! அதற்கு மட்டும் கெசியா தனக்குத்தானே அனுமதி கொடுத்துக்கொண்டாள். அந்த ஒரு மாதமும் இரண்டு பேரும் ஏட்டையாவையும் பொண்டாட்டியையும் மாற்றி மாற்றித் தூக்கில் போட்டார்கள். அவளுக்கு அதைவிடச் சந்தோஷமான லெந்து வாய்த்ததில்லை.

தொந்தரவு வந்தது வக்கீல் குமாஸ்தா சத்தியநேசனால்தான். அவர் முதல் நாளே எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு, ஒரு புன்சிரிப்போடு சந்தில் அலைந்தார்.

"நான் ஒண்ணும் சொல்லல தாயி. ஆனா கடைசி எபிசோடுல அந்த மதகு தெறக்கும்போது..."

"வாயத் தொறக்காதீய அண்ணாச்சி!" கெசியா வெற்றுத்தாளை வைத்து மிஷினை ஓட்டினாள். அந்த இரைச்சலில் அவர் வாய் அசைவது மட்டும்தான் தெரிந்தது. அதையும் பார்க்கப் பயந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பெருநாள் வந்தது. முஃபீதாவுக்கு நோன்பு முடிந்தது, இனி டிவி பார்க்கலாம். கெசியாவுக்கு இன்னும் இரண்டு வாரம் மிச்சம். விடுமுறை கழிந்து தையல் கடை திறந்ததும் கெசியா முதல் வேலையாகப் போய், "என்ன இருந்தாலும் ஏட்டையாதான்ளா" என்றாள்.

முஃபீதா குனிந்த தலை நிமிரவில்லை. "இருக்கும்க்கா."

இருக்கும்க்காவா! கெசியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடைக்குத் திரும்பிக் கணக்குப் போட்டாள். பொண்டாட்டிதான் கொலைகாரி என்று முடிந்திருந்தால் முஃபீதா கூரையைப் பிய்த்திருப்பாள். சத்தமே இல்லை. அப்படியென்றால் தோற்றுப்போயிருக்கிறாள். அப்படியென்றால் ஏட்டையாவேதான்! ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் மேஜையைத் தட்டியவள், அடுத்த நிமிஷம் தட்டிய கையை அப்படியே நிறுத்தினாள். முடிவு தெரிந்துவிட்டதே. அப்போ பொருத்தனை?

அன்று மத்தியானமே கரோலின் போன் பண்ணினாள். "அக்கா, அடிவயிறு ஒரே வலியா இருக்கு. காரு பிடிச்சி பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு வந்துக்கிட்டு இருக்கோம்."

ஊசி போட்டு வலியை நிறுத்தினார்கள். பிள்ளை நன்றாக இருக்கிறது, ஆனால் இரண்டு வாரம் ஆஸ்பத்திரியிலேயே படுத்திருக்க வேண்டும், அதைத் தாண்டிவிட்டால் பயமில்லை என்றார் டாக்டர். கெசியாவுக்கு டாக்டர் சொன்னது பாதி காதில் ஏறவில்லை. தான் துப்புத் துலக்கியதால்தான் இப்படி ஆயிற்று என்று நம்பினாள். நேராகத் தையல் கடைக்கு வந்தாள்.

"நெஞ்சத் தொட்டுச் சொல்லுளா. நீ பாத்துட்டதான? உம் மூஞ்சியே சொல்லுது."

முஃபீதாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "பாத்தேனா பாக்கலியான்னு நான் சொல்ல மாட்டேன்க்கா. பாக்கலன்னு சொன்னா நம்ப மாட்டீய. பாத்தேன்னு சொன்னா எம் மூஞ்சியத் துருவித் துருவிக் கண்டுபிடிப்பீய. சண்ட போட்டா அதுல ஒரு துப்பு, சும்மா இருந்தா அதுல ஒரு துப்பு. உங்க தங்கச்சிக்காவத்தான் வாய மூடிட்டு இருந்தேன். ஈஸ்டர் வரைக்கும் நான் அங்கன வரல. நீங்களும் இங்கன வராதீய."

அதன்பிறகு இரண்டு கடைக்கும் நடுவில் பேச்சு நின்றுபோனது. இறப்புச் சான்றிதழ்கள் வந்தன, போயின. தலையை நீட்டி 'என்னமோ இருக்கு' என்று சொல்ல ஆள் இல்லை. தனியாகச் சந்தேகப்படுவது எவ்வளவு கொடுமை என்று கெசியாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. காலையில் ஆஸ்பத்திரி, பகலில் கடை, மறுபடி ஆஸ்பத்திரி. முஃபீதாவின் தையல் மிஷின் சத்தம் மட்டும் சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிறு முடிந்த மறுநாள் கரோலினின் கணவன் போன் பண்ணினான். பிள்ளையின் துடிப்பு கொஞ்சம் குறைவாகக் கேட்கிறதாம். சாயங்காலம் இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறார்களாம். கெசியா போனைக் கீழே வைத்தாள். வரிசையில் நின்றவர்களிடம் நாளைக்கு வாங்க என்று சொல்லி, ஷட்டரை இறக்கிவிட்டுத் தையல் கடை வாசலுக்கு வந்தாள். உள்ளே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

வாசற்படியில் நின்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். அது இல்லாவிட்டால் அவளுக்கு எதிரில் நிற்பது ஆளா தூணா என்றே தெரியாது, மூஞ்சியை எங்கே துருவ! கழற்றியதைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். மிஷின் நின்றது.

"கரோலினுக்குச் சாயந்தரம் ஸ்கேன். ஒத்தையில போகப் பயமா இருக்குளா, நீயும் வா" என்று சொல்லி, சத்தம் நின்ற திசையைப் பார்த்துக் கையை நீட்டினாள்.