கழற்றிய பிரேக்கைக் கேட்டு வாங்காததால்

நாற்பத்தொரு வருடங்களாகக் கார் ஓட்டுகிறேன். இதற்கு முன் ஒரு விபத்தும் இல்லை. சில மாதங்களுக்கு முன் இங்கே சிங்கப்பூரில், ஆங் மோ கியோவில் ஒரு பட்டறையில் பிரேக் மாற்றினேன். இரண்டாம் நாளே, மனைவியுடன் சிராங்கூன் ரோடு கோயிலுக்குப் போகும் வழியில், சிக்னலில் பிரேக் பிடிக்கவில்லை. முன்னால் நின்ற வேனில் மோதினோம். அவளுக்கு மணிக்கட்டு முறிந்தது.

பட்டறைக்காரரிடம் நஷ்டஈடு கேட்டேன். அவரும் தமிழர்தான். "காரைக் கொண்டாந்து விடுங்க அங்கிள், ஃப்ரீயா பாத்துத் தரேன் லா" என்றார். நம்பி விட்டுவந்தேன்.

திரும்பப் போனபோது காரில் வேறு புது பிரேக் இருந்தது. முன்பு போட்டதை வீசிவிட்டார்களாம். "எங்க வேலையில தப்பில்ல அங்கிள். வயசாச்சு, நீங்கதான் பெடலை மாத்தி மிதிச்சிருப்பீங்க" என்றார். காட்ட ஆதாரம் இல்லாததால் என் புகார் எடுபடவில்லை.

எனக்குப் பணம் பெரிதில்லை. தவறு என்னுடையதல்ல என்று யாராவது சொன்னால் போதும் என்றிருந்தது. வீட்டில் நடந்ததைச் சொன்னதும் மனைவி, "விடுங்க. அவர் சொல்றதும் சரியா இருக்கலாம்ல" என்றாள்.

இப்போதெல்லாம் பழுது என்றால் முதலில் வேறொரு பட்டறையில் காட்டிப் படம் எடுக்கிறேன். கழற்றிய பாகத்தைக் கையோடு வாங்கிவருகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். மனைவி கோயிலுக்குப் பேருந்தில் போகிறாள்.