சகலை ஒட்டிய முப்பத்தொரு நிமிடம்

எங்கள் சினிமா எடிட்டர் சங்கத்தின் ஆண்டு மலரில் என் சகலையைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். "உங்களவிட அவர நல்லாத் தெரிஞ்சவங்க யாரு சார்?" என்று செயலாளர் பல்லைக் காட்டினார். நன்றாகவே தெரியும். ஒரு வருடமாக அந்த மனுஷனை நினைத்து நினைத்துத்தான் எனக்கு வயிறு எரிகிறது. பொறாமையா என்றால், ஆமாம், பொறாமைதான்.

என் மனைவியின் தங்கை புருஷன் அவன். என்னைவிட நாலு வயது சின்னவன். கூரியர் ஆபீஸில் பார்சல் பிரித்துக்கொண்டிருந்தவனை, மனைவியின் நச்சரிப்பு தாங்காமல் என் எடிட்டிங் ரூமில் உதவியாளனாகச் சேர்த்தேன். செருப்பை ஜோடி சேர்த்துக் கழற்றி வைக்கவே அவனுக்கு இரண்டு நிமிடம் ஆகும். ஒரு டீயை முக்கால் மணி நேரம் குடிப்பான். ரூமில் அவனுக்கு ஆமை என்று பெயர், எனக்குக் கத்திரி. நான் வெட்டிப் போட்ட காட்சிகளை எல்லாம் நம்பர் போட்டு, பேர் எழுதி, தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க்கில் அடுக்கி வைப்பான். "குப்பைக்கு எதுக்குப்பா விலாசம்?" என்று கேட்டால் அசடு வழிவான்.

அப்போதுதான் அந்த சூப்பர் ஹீரோ படம் வந்தது. லிஃப்ட் மெக்கானிக் ஒருவனுக்கு ஒரு விபத்தில் மலையைத் தூக்கும் பலம் வந்துவிடுகிறது. இரண்டு மணி நேரத்துக்குள் வேண்டும் என்றார் தயாரிப்பாளர். நான் ஒரு மணி ஐம்பத்தைந்தில் கொடுத்தேன். சண்டை, சண்டை, அப்புறம் இன்னொரு சண்டை. கடைசியில், இடிகிற கட்டடத்திலிருந்து விழும் தன் கைக்குழந்தையை ஹீரோ பிடிக்கிறான். பிடித்துவிட்டு இரண்டு கையையும் விறைப்பாக நீட்டியபடி அசையாமல் நிற்கிறான். தியேட்டரே சிரித்தது. "யோவ், என்னய்யா ட்ரேய தூக்கிட்டு நிக்கிற?" என்று ஒருத்தன் கத்தினான். படம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

எட்டு மாதம் கழித்து, நெட்டில் போடுவதற்குப் படத்தை நீளமாக்கித் தரச் சொல்லி யாரோ கேட்டார்களாம். தயாரிப்பாளர் கூப்பிட்டது என்னையல்ல, ஆமையை. வெட்டியதெல்லாம் அவனிடம்தானே பத்திரமாக இருக்கிறது! "நீங்க பிஸியா இருப்பீங்கன்னுதான் சார்" என்று என்னிடம் சமாளித்தார். அந்த மாதம் நான் வீட்டில் உட்கார்ந்து ஃபேன் துடைத்துக்கொண்டிருந்தேன். நீளமான படம் நன்றாக வந்துவிட்டால், கெடுத்தது கத்திரிதான் என்று ஊரறிய முடிவாகிவிடும். முப்பது வருடம் சம்பாதித்த பெயர் போய்விடும். அது விளங்காமல் போகட்டும் என்று மனசார வேண்டிக்கொண்டேன்.

ஒரு மத்தியானம் அவனே போன் செய்தான். "அண்ணே, முடிச்சுக் குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவ வந்து பாத்திருங்க. எங்க இழுக்குதுன்னு சொல்லிட்டீங்கன்னா சரி பண்ணிருவேன்."

போனேன். அவன் சேர்த்திருந்த முப்பத்தொரு நிமிடத்தில் ஒரு சண்டைகூட இல்லை. பலம் வந்த மறுநாள் ஹீரோ பல் துலக்குகிறான், பிரஷ் இரண்டாக ஒடிகிறது. கதவைத் திறக்கிறான், கைப்பிடி கையோடு வந்துவிடுகிறது. மனைவி குழந்தையை நீட்டுகிறாள், அவன் பயந்து பின்னால் போகிறான். அப்புறம் தொட்டில் பக்கத்தில், இரண்டு கையையும் தொடைக்கு அடியில் அமுக்கி வைத்துக்கொண்டு, தூங்குகிற குழந்தையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான்.

கடைசிக் காட்சி வந்தது. நான் வெட்டி வைத்தது அப்படியே இருந்தது, ஒரு ஃப்ரேமைக்கூட அவன் தொடவில்லை. ஆனால் இப்போது பார்த்தால், ஒரு தகப்பன் தன் பிள்ளையை முதல்முறையாகத் தொட்டுவிட்டு, விரலை மடக்கப் பயந்து நிற்கிறான். அடப்பாவி, இதையா குப்பை என்று ஒதுக்கினேன்! வயிற்றில் நெருப்பை அள்ளிக் கொட்டியது போல இருந்தது.

ஆனால் ஒரு ஓட்டையையும் கண்டுபிடித்துவிட்டேன். அந்தத் தொட்டில் காட்சி இருபத்திரண்டு செகண்ட். அசைவே கிடையாது. அஞ்சு செகண்ட் தாராளம். அதற்கு மேல் போனால் ஜனங்கள் கொட்டாவி விடுவார்கள்.

"எங்கயாச்சும் இழுக்குதாண்ணே?"

"ஒண்ணும் இல்லப்பா. அப்படியே விடு" என்றேன். வேண்டுமென்றேதான் சொன்னேன். மாட்டினான் மாப்பிள்ளை என்று உள்ளுக்குள் ஒரே குஷி.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு சின்னத் தியேட்டரில் வேலை செய்தவர்களுக்கும் குடும்பத்தாருக்கும் போட்டுக் காட்டினார்கள். தொட்டில் காட்சிக்காகக் காத்திருந்தேன். அஞ்சு செகண்ட் ஆனது. எட்டு ஆனது. ஒரு இருமல்கூட இல்லை. பன்னிரண்டாவது செகண்டில் என் மனைவி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். பின் வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். இருபதாவதில் என் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். கடைசியில் ஹீரோ கையை நீட்டி நின்றபோது ஒருத்தரும் சிரிக்கவில்லை. எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். என் முகத்தில் ஈயாடவில்லை.

வெளியே சகலையைச் சுற்றிக் கூட்டம். நழுவப் பார்த்த என்னைக் கையைப் பிடித்து இழுத்து நடுவில் நிறுத்திவிட்டான்.

"அந்தத் தொட்டில் ஷாட்டு இழுக்குமோன்னு எனக்கு ஒரே பயம் சார். அஞ்சு செகண்டா கொறச்சிரலாம்னு இருந்தேன். அண்ணன்தான் அப்படியே விடுன்னாரு. படத்தக் காப்பாத்துனதே இவருதான்!"

தயாரிப்பாளர் என்னைக் கட்டிப்பிடித்தார். மறுபடி கை தட்டினார்கள். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தவன், நன்றி சொல்லி மூடிக்கொண்டேன். அன்றைக்கு நல்லவனாக இருந்து 'குறை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், இரண்டாவது தடவையும் நானே அந்தப் படத்தைக் கொன்றிருப்பேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது மனைவி என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"நான்தாங்க உங்களத் தப்பா நெனச்சிட்டேன். அவர்மேல உங்களுக்குப் பொறாமையோன்னு..."

"சீச்சீ" என்றேன். "எனக்கென்ன பொறாமை?"