வேரோனிக்கா பார்க்காத கடைசி நிமிடம்

வேரோனிக்கா அருள்நாயகம் தன் மகன் விளையாடுவதை முதன்முதலாகப் பார்த்தது 2009 சனவரியில், அதுவும் தற்செயலாக. அன்று பின்னேரம் ரொறன்ரோ நகர நடுவில் போரை நிறுத்தச் சொல்லித் தமிழ்ச் சனம் கூடி நிற்கப்போகிறது என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள். வன்னியில் குண்டு மழை. மகன் வின்சன்றையும் ஏற்றிக்கொண்டு போகலாம் என்று மில்லிக்கனிலுள்ள வீட்டிலிருந்து காரை எடுத்துக்கொண்டு அவன் படிக்கிற கல்லூரிக்குப் போனாள். அவனுடைய தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. சத்தம் வந்த பக்கமாகத் தேடிப் போய் உடற்பயிற்சிக் கூடத்தின் கதவைத் தள்ளினாள்.

உள்ளே வின்சன்ற் பந்தைத் தட்டிக்கொண்டு பறந்துகொண்டிருந்தான். அவனைச் சுற்றிப் பனைபோல நாலு பேர். இந்தா பறிக்கப் போகிறார்கள் என்று அவள் நினைத்த கணத்தில் குனிந்து, அவர்களுடைய கைகளுக்குக் கீழால் புகுந்து, மறுபக்கம் வந்து பந்தைக் கூடைக்குள் போட்டான்.

மூன்று வருடங்களாக அவனுடைய விளையாட்டு உடுப்பைத் தோய்த்துக் கொடுத்தவள் அவள்தான். மார்க்கம் பக்கத்தில் மருந்து பொதி செய்யும் தொழிற்சாலையில் வேலை. சனி ஞாயிறு ஓவர்டைம் என்று போனதில் ஒரு ஆட்டத்துக்கும் வந்ததில்லை. அந்தக் குளிர்காலம் ஊரெல்லாம் வேலை குறைந்து ஓவர்டைமும் நின்றுபோனதால்தான் சனிக்கிழமை மத்தியானம் அந்தக் கதவடியில் நிற்க முடிந்தது.

விளையாட்டு அவளுக்குப் புதிதல்ல. இளவாலையில் கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வலைப்பந்தாட்டத்தில் அவளை அசைக்க ஆளில்லை. பதினேழு வயதில் மாவட்ட அணிக்குத் தெரிவானாள். பெயர் விளம்பரப் பலகையில் ஒட்டப்பட்ட அதே கிழமை ஊரடங்குச் சட்டம் போட்டார்கள். போட்டி நடக்கவே இல்லை. பிறகு கலியாணம், கைக்குழந்தையோடு கனடா. அந்தப் பேச்சை அவள் யாரிடமும் எடுத்ததில்லை.

ஆனால் வலைப்பந்தில் பந்தைப் பிடித்தவள் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். இங்கே மகன் பந்தோடு மைதானம் முழுக்க ஓடுகிறான், விசில் ஊதுகிறவன் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

"இதென்ன அநியாயம், பந்தோடை ஓடுறான், ஊதுறான் இல்லை" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

பக்கத்திலிருந்த பெண் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். கிளோடெற் என்று பெயர். ஜமைக்காக்காரி, ஆஸ்பத்திரித் தாதி. அவளுடைய மகன் மார்க்கஸ் அதே அணியில் நெடுவல். வேரோனிக்கா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் முறைப்பாட்டைச் சொல்ல, கிளோடெற்றுக்குச் சிரிப்பில் கண்ணீர் வந்துவிட்டது. "தட்டிக்கொண்டு ஓடலாம், தூக்கிக்கொண்டு ஓடக்கூடாது" என்று விளங்கப்படுத்தினாள். அதற்குள் வின்சன்ற் இன்னொன்று போட்டான். இரண்டு பெண்களும் சேர்ந்து எழும்பிக் கத்தினார்கள்.

அன்று தாயும் மகனும் நகரத்துக்குப் பிந்தித்தான் போனார்கள்.

அதற்குப் பிறகு வேரோனிக்கா ஒரு ஆட்டத்தையும் விடவில்லை. கணவன் அருள்நாயகத்துக்கு இது பிடிக்கவில்லை. அவர் மொன்றியலுக்கு லொறி ஓட்டுகிறவர். ஓய்வு கிடைக்கிற நேரமெல்லாம் நகர நடுவில், சனம் கூடுகிற யூனிவர்சிட்டி அவென்யூவில் பதாகையோடு நிற்பார்.

"அங்கை சனம் சாகுது. உன்ர சொந்த அக்கா எங்கையெண்டு தெரியாது. நீ பந்து பார்க்கப் போறியோ?" என்று கேட்டார்.

"நானும் உங்களோடை வந்து நிண்டனான்தானே. நாளைக்கும் நிப்பன்."

"அது வேறை."

"ஓம், வேறைதான்" என்றாள் வேரோனிக்கா. "வீட்டிலை இருந்தா ரீவிக்கு முன்னாலை செபமாலையோடை இருக்கிறன். ஒவ்வொரு பிரேதத்தையும் யூஜினியோ எண்டு உத்துப் பார்க்கிறன். அங்கை போனா ரெண்டு மணித்தியாலம் மூச்சு விடுறன். அதையும் விடச் சொல்லுறியளோ?"

அருள்நாயகம் கார்த் திறப்பை எடுத்து மேசையில் அவள் பக்கமாக வைத்துவிட்டுப் போய்விட்டார்.

யூஜினி அவளுடைய ஒரே அக்கா. கிளிநொச்சியில் வாழ்க்கைப்பட்டவள். மார்கழியில் விசுவமடுவிலிருந்து ஒருமுறை பேசினாள். அதற்குப் பிறகு செய்தி இல்லை.

பெப்ரவரி கடைசியில், சீசனின் கடைசி ஆட்டத்துக்கு முதல் கிளோடெற் ஒரு விசயம் சொன்னாள். சீசன் முடிய, இவர்கள் ஆடுகிற கிழக்குப் பிரிவிலுள்ள எல்லாக் கல்லூரிகளின் பயிற்றுநர்களும் வாக்களித்துப் பிரிவின் நட்சத்திர அணியைத் தெரிவுசெய்வார்கள். முதல் அணி, இரண்டாம் அணி என்று இரண்டு. ஒருவரும் தங்கள் சொந்தப் பெடியன்களுக்கு வாக்குப் போட முடியாது.

"அப்ப எதிர்ப்பக்கம் இருக்கிறவன்தான் போட வேணுமோ?" என்று கேட்டாள் வேரோனிக்கா.

"அதுதான் அதன் மதிப்பு" என்றாள் கிளோடெற். "உன் மகனின் பெயரும் அடிபடுகிறது. இந்த வெள்ளிக்கிழமை வருகிற அணிதான் முதலிடத்தில் நிற்கிறது. அவர்களின் பயிற்றுநர் கல்லுளிமங்கன். அந்த மனிதனின் வாக்கு விழுந்தால் சரி."

வெள்ளிக்கிழமை பின்னேரம் கூடம் நிரம்பி வழிந்தது. முரசு, ஊதுகுழல், முகத்தில் நிறம் பூசிய மாணவர்கள். வின்சன்ற் அன்று வேறு ஆளாக இருந்தான். தூரத்திலிருந்து எறிந்தான், விழுந்தது. புகுந்து போட்டான், விழுந்தது. எதிரணி இரண்டு பேரை அவனுக்கென்றே காவல் போட்டது. அப்படியும் அவர்கள்தான் முன்னே போனார்கள், இவர்கள் எட்டிப் பிடித்தார்கள், திரும்பவும் போனார்கள். வேரோனிக்கா எழும்புவதும் இருப்பதுமாக இருந்தாள். எதிரணிப் பயிற்றுநர் மொட்டைத் தலை சிவக்க எல்லைக்கோட்டில் அங்குமிங்கும் நடந்தார். அவர் முகத்தைப் பார்ப்பதா, ஆட்டத்தைப் பார்ப்பதா என்று தெரியாமல் அவள் தவித்தாள்.

கடைசி நிமிடத்துக்குச் சற்று முதல், எதிரணி மூன்று புள்ளி முன்னே நிற்கையில், அவளுடைய கைப்பைக்குள் தொலைபேசி அதிர்ந்தது. நீளமான இலக்கம். தொண்ணூற்று நாலில் தொடங்கியது, இலங்கை இலக்கம். காதில் வைத்தாள். முரசுச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. "ஹலோ, ஹலோ" என்று கத்தினாள். தொடர்பு அறுந்தது.

கிளோடெற்றுக்கு ஒரு வார்த்தையும் சொல்லாமல் படிகளில் முழங்கால்களை இடித்துக்கொண்டு இறங்கி, கதவைத் தள்ளி, மேற்சட்டை இல்லாமல் பனிக்குள் ஓடினாள். திருப்பி எடுத்தால் போகவில்லை. "மாதாவே, இன்னொருக்கா, ஒரேயொருக்கா" என்று தொலைபேசியைப் பார்த்துக் கெஞ்சினாள்.

அடித்தது.

"வேரோனி?"

குரல் காய்ந்துபோயிருந்தது. ஆனால் உலகத்தில் ஒருத்திதான் அவளை அப்படிக் கூப்பிடுகிறவள்.

"அக்கா! எங்கை நிக்கிறியள்?"

"வவுனியா ஆஸ்பத்திரி. காலிலை காயம், பயமில்லை. ஒரு ஆளின்ர போன், கனக்கக் கதைக்க ஏலாது."

"பிள்ளையள்?"

"ரெண்டும் என்னோடை. பக்கத்திலை இருக்கினம்."

"அத்தான்?"

பின்னால் யாரோ போனைக் கேட்கிற சத்தம் வந்தது.

"அவர் வரேல்லை, வேரோனி. வாற வழியிலை... பிறகு சொல்லுறன். போனைக் குடுக்க வேணும். நாங்கள் இருக்கிறம் எண்டு எல்லாருக்கும் சொல்லு."

தொடர்பு நின்றது. வேரோனிக்கா பனிக்குள் நின்றபடி அத்தானுக்காக நெற்றியில் சிலுவை போட்டாள். பிறகு, தன்னையறியாமலே, கால்கள் ஓடத் தொடங்கின. யாருக்காவது சொல்ல வேண்டும். உடனே சொல்ல வேண்டும்.

கதவைத் திறந்தபோது கூடம் வெடித்துக் கிடந்தது. எல்லோரும் மைதானத்துக்குள் இறங்கிவிட்டார்கள். முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். "இருக்கிறா! அக்கா இருக்கிறா! பிள்ளையளும் இருக்குதுகள்!" என்று வேரோனிக்கா தமிழில் கத்திக்கொண்டு அதற்குள் பாய்ந்தாள். மொழி தெரியாத நூறு பேர் அவளோடு சேர்ந்து கத்தினார்கள். நிறம் பூசிய பெடியன் ஒருவன் அவளைத் தூக்கிச் சுற்றி இறக்கிவிட்டான். கிளோடெற் எங்கிருந்தோ வந்து அவளைக் கட்டிப்பிடித்து, "உன் மகன், கடவுளே, உன் மகன்!" என்று அழுதாள். இவளும் அழுதாள். இருவரும் ஒருவரையொருவர் உலுப்பியபடி வெவ்வேறு விசயத்துக்காக அழுதுகொண்டு நிற்க, கிளோடெற்றுக்குத்தான் முதலில் ஏதோ பிசகென்று பட்டது.

"ஏன் இப்படி நடுங்குகிறாய்? மேற்சட்டை எங்கே?"

வேரோனிக்கா சொன்னாள். அவளைப் பிடித்துப் படியில் இருத்தித் தன்னுடைய கோட்டைப் போர்த்தினாள் கிளோடெற். வின்சன்ற் வியர்வை வழிய வந்தான்.

"அம்மா, டிட் யூ ஸீ தட்? பார்த்தனீங்களா?"

"இல்லையடா. பெரியம்மா எடுத்தவ. வவுனியாவிலை. உயிரோடை."

அவன் கீழே தாய்க்குப் பக்கத்தில் இருந்துவிட்டான். தலையைத் துவாயால் மூடிக்கொண்டான். அவனுடைய தோள்கள் குலுங்குவதை அவள் தடவிக்கொடுத்தாள்.

கடைசி நிமிடத்தை அவள் கிளோடெற்றிடமிருந்துதான் அறிந்தாள். கிளோடெற் அதைத் தன் கைப்பையைப் பந்தாக வைத்து நடித்தே காட்டினாள். வின்சன்ற் ஒன்று போட்டான், அதற்கு இரண்டு புள்ளி. வித்தியாசம் ஒரு புள்ளி. பிறகு எதிரணியின் கையிலிருந்த பந்தைத் தட்டிப் பறித்தான். ஓடினான். இரண்டு காவல்காரரும் முன்னே பாய்ந்தார்கள். அவன் எறியத்தான் போகிறான் என்று கூடம் முழுக்க நம்பியது. அவன் எழும்பினான், கையைத் தூக்கினான், பார்க்காமலே பந்தைப் பின்னால் விட்டான். அங்கே மார்க்கஸ் தனியே நின்றான். மெதுவாக, குழந்தைக்குத் தொப்பி போடுவதுபோல, கூடைக்குள் வைத்தான். மணி அடித்தது.

"திரும்பக் காட்டு" என்றாள் வேரோனிக்கா. கிளோடெற் திரும்பவும் காட்டினாள்.

மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நகர நடுவில் ஒரு ஹோட்டலில் மத்தியான விருந்து. அங்கேதான் பெயர்களை வாசிப்பார்கள். அருள்நாயகம் கோட்டு சூட்டோடு வந்தார். அக்காவின் தொலைபேசி வந்ததிலிருந்து அவர் மனைவியிடம் பந்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

முதலில் இரண்டாம் அணியை வாசித்தார்கள். ஐந்து பெயர். வின்சன்ற் இல்லை. இரண்டாம் அணியிலாவது விழும் என்றுதான் வேரோனிக்கா எண்ணியிருந்தாள். கிளோடெற் மேசைக்குக் கீழே அவள் கையைப் பிடித்தாள். முதல் அணி தொடங்கியது. ஒருவன், இரண்டாமவன். மூன்றாவது பெயரில் அறிவிப்பாளர் தடக்கினார். "வின்சன்ற் அரூல்... அரூல்நே..."

"அருள்நாயகம்!" என்று சபை அதிரக் கத்தினார் அருள்நாயகம்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மார்க்கஸும் கூட்டாளிகளும் மேசையைத் தட்டி அதையே திரும்பச் சொன்னார்கள். வேரோனிக்கா கதிரையில் ஏறாத குறை. மகன் மேடைக்குப் போவது கண்ணீரில் கலங்கித் தெரிந்தது.

விருந்து முடிய அந்த மொட்டைத் தலைப் பயிற்றுநரே அவர்களிடம் வந்தார். "மூன்று வருடமாக என் நித்திரையைக் கெடுத்தவன் இவன். என் பெடியன்களில் எவனென்றாலும் அந்தக் கடைசிப் பந்தைத் தானேதான் எறிந்திருப்பான். இவன் கூட்டாளிக்குக் கொடுத்தான்" என்று சொல்லி அருள்நாயகத்தின் கையைக் குலுக்கினார். "வாக்குப் போட எனக்கு அரை நிமிடம்கூடத் தேவைப்படவில்லை."

ஹோட்டலிலிருந்து யூனிவர்சிட்டி அவென்யூ நடக்கிற தூரம். அன்றும் சனம் நின்றது. போவோம் என்றவன் வின்சன்ற்தான். கிளோடெற்றும் மார்க்கஸும் நாங்களும் வருகிறோம் என்றார்கள். சூட்டும் சேலையுமாக ஆறடிக்கு மேலான ஜமைக்காப் பெடியனோடு வரிசையில் வந்து நின்றவர்களை ஆட்கள் வியப்பாகப் பார்த்தார்கள். பதாகை பிடித்துநின்ற சச்சிதானந்தன் என்கிற தெரிந்த மனிதர் அதன் ஒரு பக்கக் கம்பை அருள்நாயகத்திடம் கொடுத்துவிட்டுக் கேட்டார்:

"என்ன அருள் அண்ணை, கலியாண வீட்டிலை இருந்தோ வாறியள்?"

அருள்நாயகம் தொண்டையைச் செருமினார்.

"இல்லை. இவன் எங்கட பெடியன். கிழக்குப் பிரிவிலை இருக்கிற எல்லாக் கொலிச்சிலையும் இருந்து அஞ்சு பேரைத்தான் எடுத்தவங்கள். எதிர்ப்பக்கக் கோச்மார்தான் வாக்குப் போடுறது, விளங்குதோ? சொந்தப் பெடியனுக்குப் போட ஏலாது."

"அப்பிடியே?"

"ஓம். கடைசி நிமிசத்திலை இவன் என்ன செய்தவன் எண்டு கேளும்" என்று தொடங்கி, தானும் பார்க்காத அந்தக் கடைசி நிமிடத்தை, பதாகையின் கம்பை வேரோனிக்காவிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கைகளாலும் காட்டத் தொடங்கினார்.