சாய்தளத்துக் கோலம்

முடிச்சூரில் எங்கள் தெருக்கோடியில், என் வீட்டை ஒட்டி, பூங்காவுக்கென்று ஒதுக்கிய மனை ஒன்று பல வருஷமாகப் பார்த்தீனியமும் கட்டட இடிபாடுமாகக் கிடந்தது. அதைத் தோட்டமாக்கியே தீர வேண்டும் என்று குடியிருப்போர் சங்கத்தில் கத்தியவள் நான். எனக்கு மெதுவாகப் பேச வராது. என் தொண்டைக்குப் பயந்தே பாதிப்பேர் சம்மதித்தார்கள்.

கத்தியது எதிர்வீட்டுப் பெண்ணுக்காக. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் அவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. சக்கர நாற்காலியைத் தானே கையால் தள்ளிக்கொண்டு வாசல்வரை வருவாள். கணவர் காலையில் கூடுவாஞ்சேரிக்கு வேலைக்குப் போனால் இரவுதான் திரும்புவார்.

"பகல் பூரா யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசறதில்லக்கா. குக்கர் விசில் அடிச்சா பதில் சொல்லலாமான்னு தோணுது" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அவளுக்குத் தோதாக எல்லாம் செய்தோம். குனியாமல் கைக்கு எட்ட வேண்டுமே என்று கிணற்று உறைகளை வாங்கி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, செம்மண்ணும் ஆட்டுப்புழுக்கையும் கொட்டி, கத்தரி, மணத்தக்காளி, கற்பூரவல்லி என்று வைத்தோம். நடைபாதையில் சக்கரம் புதையாதபடி கல் பாவினோம். வெள்ளம் வந்த வருஷத்தை இந்த ஊரில் யாரும் மறப்பதில்லை. அந்தப் பயத்தில் தோட்டத்தையும் தெருவைவிட உயர்த்தியிருந்தோம். அதனால் வாசலில் படிக்குப் பதிலாகச் சிமென்ட்டில் ஒரு சாய்தளம் கட்டினோம். அது ஒன்றுதான் உள்ளே போக வழி.

திறந்த அன்று அவள்தான் முதலில் ஏறினாள். கத்தரி நாற்றைச் சுற்றி மண்ணை அணைத்துவிட்டு, விரல் இடுக்கில் ஒட்டிய ஈரத்தைத் துடைக்காமல் வைத்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கண் கலங்கியது. பெருமையாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அதன்பிறகு அவள் வரவில்லை. காலையில் நாங்கள் நாலைந்து பெண்கள் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்போம். அவள் தெருவைக் கடந்து வாசல்வரை வருவாள், ஒரு நிமிஷம் நிற்பாள், நாற்காலியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாள். முதலில் உடம்பு முடியவில்லை என்று நினைத்தேன். இது தினமும் நடக்க ஆரம்பித்ததும் எனக்குச் சுருக்கென்றது. எங்களோடு உட்காரப் பிடிக்கவில்லையோ?

மழை பிடித்த வாரத்தில் இன்னும் வேடிக்கை. தூறலில் நாங்கள் யாரும் போகவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் மகாராணி ரெயின்கோட் மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் தனியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறாள்! "நாம இல்லாதப்ப மட்டும் வர்றா பாருங்க. இவளுக்காகவா இவ்வளவு பாடுபட்டோம்?" என்று பக்கத்து வீட்டில் சொன்னேன். அங்கே மட்டுமா சொன்னேன்? தெரு முழுக்கச் சொன்னேன்.

பிறகு பொறுக்க முடியாமல் குடையை எடுத்துக்கொண்டு நேரே போனேன்.

"ஏம்மா, வெயில் அடிக்கறப்ப வராம மழையிலதான் வரணும்னு என்ன வேண்டுதல்?"

அவள் இலையிலிருந்த புழுவை எடுத்துப் போட்டுவிட்டு, "இன்னைக்குக் கோலம் இல்லக்கா" என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் திரும்பி வாசல் சாய்தளத்தைப் பார்த்தேன். திறந்த மறுநாளிலிருந்து தோட்டத்து வாசலில் தினமும் கோலம் போடுவது நான்தான். புதுச் சிமென்ட் பூச்சு வழவழவென்று இருந்ததைப் பார்த்ததும் கை துறுதுறுத்து, சாய்தளத்தின் அகலம் முழுக்கப் புள்ளி வைத்து நிரப்பிவிடுவேன். நடப்பவர்கள் ஓரமாகக் கால் வைத்துத் தாண்டிக்கொள்வார்கள். சக்கரத்துக்கு எது ஓரம்? என் கோலத்தை மிதிக்க மனமில்லாமல் அவள் தினமும் திரும்பிப் போயிருக்கிறாள். நான் உள்ளே நின்று அவளைத் திமிர் பிடித்தவள் என்று பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"காலங்காத்தால பெருக்கி, தண்ணி தெளிச்சு, அவ்வளவு அழகா போடறீங்க. அதுமேல சக்கரத்த ஏத்தட்டுமான்னு எப்படிக்கா கேக்கறது?"

அன்றே பரிகாரம் தேடினேன். எனக்கு எதையும் சும்மா செய்ய வராது. தெரு வாட்ஸ்அப் குழுவில் நீளமாக எழுதினேன்: நம் சகோதரியின் நாற்காலிக்கு இடைஞ்சலாக இருப்பதால் இனித் தோட்ட வாசலில் கோலம் கிடையாது, அனைவரும் ஒத்துழைக்கவும். கும்பிடும் கைகளும் பூங்கொத்துகளும் வரிசையாக வந்து விழுந்தன. மனசு லேசாகிவிட்டது. எவ்வளவு சுலபமாக லேசாகிறது இந்த மனசு!

மழை விட்டதும் அவள் வந்தாள். எல்லோரும் அன்பாகத்தான் பேசினார்கள். "உங்களுக்காகத்தான் நிறுத்திட்டோம்" என்று ஒருத்தி சொன்னாள். வெள்ளிக்கிழமையன்று இன்னொருத்தி, "வாசல் வெறிச்சுன்னு கிடக்கு, பரவாயில்ல, நீங்க வந்தா போதும்" என்றாள். அவள் தலையாட்டிக்கொண்டே களை பிடுங்கினாள். மறுநாளிலிருந்து வாசல்வரைகூட வரவில்லை.

இந்த முறை கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. அவள் வீட்டுக்குப் போனேன். பகலிலேயே விளக்குப் போட்டிருந்தாள். டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"இப்பதான் கோலமே இல்லையேம்மா, ஏன் வரல?"

"முன்னாடி நான் வராம இருந்தேன், அவ்வளவுதான். இப்ப ஊர் வாசலுக்குக் கோலம் இல்லாமப் பண்ணவ நான்தான். உள்ள வந்தா எல்லாரும் மொதல்ல என் சக்கரத்தப் பாக்கறாங்க, அப்புறம் வாசலப் பாக்கறாங்க."

நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அவள் குரல் உயரவில்லை.

"ஒரு ஓரமா சின்னதா போட்டிருக்கலாமேக்கா. யார்கிட்டயும் சொல்லாம."

எனக்கு அது தோன்றவே இல்லை. ஒரு முழம் தள்ளிப் போட்டால் தீர்ந்திருக்கும் விஷயம். ஆனால் அப்படிச் செய்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. யாரும் என்னைக் கும்பிட்டிருக்கவும் மாட்டார்கள்.

இப்போது தோட்டத்து வாசல் தூணோரமாக, கையகலத்துக்கு ஒரு கோலம் போடுகிறேன். சாய்தளம் முழுக்கக் காலியாக இருக்கிறது. போட்டுவிட்டு எதிர்வீட்டு வாசலை நிமிர்ந்து பார்க்காமல் உள்ளே போய்விடுகிறேன்; பார்த்தால் கூப்பிட்டுவிடுவேன், கூப்பிட்டால் தெருவுக்கே கேட்கும். அவள் இன்னும் வரவில்லை.